கியர்பாக்ஸுக்குள் ஒரு திமிங்கிலம்

இன்னைக்குக் கதை ஒரு சொட்டு ஆயில்ல ஆரம்பிக்குது.

போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். 90,000 கிலோமீட்டர் ஓடின வண்டி. ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவதுக்குப் போகும்போதெல்லாம் பின்னாடி இருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி ஒரு ஜெர்க். சர்வீஸ் சென்டர்ல கேட்டா, "அது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்"னு சொல்லிட்டாங்க.

மனசு கேக்காம எங்க தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன். அவர் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் துணியில விட்டார். சிவப்பா இருக்க வேண்டிய ஆயில் டிகாக்‌ஷன் மாதிரி கறுத்துப் போயிருந்தது. தீஞ்ச வாடை வேற. "லைஃப்டைம்னா யாரு லைஃப் தம்பி? உன்னோடதா, வண்டியோடதா, வாரன்டியோடதா?"ன்னு கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கியர்பாக்ஸ் ஆயிலோட வரலாற்றுக்குள்ள போனேன். அங்கே ஒரு திமிங்கிலம் இருந்தது. நிஜமாவே!

முதல்ல கொஞ்சம் பின்னணி. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல 'ஹைட்ராமேட்டிக்'ன்னு ஒரு கியர்பாக்ஸை அறிவிச்சாங்க. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்ல அது வந்தது. பெரிய அளவில தயாராகி விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். கிளட்ச் பெடலே கிடையாது. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காவோட எம்5 டாங்கிகள்லகூட அதைப் பொருத்தினாங்க.

மேனுவல் கியர்பாக்ஸ்ல ஆயிலோட முக்கிய வேலை, பல்சக்கரம் தேயாம பாத்துக்கிறது. ஆட்டோமேட்டிக்ல அதே ஆயில் நாலு வேலை பார்க்கணும். இன்ஜினோட சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தணும். அழுத்தம் கொடுத்து, எந்த கிளட்ச் எப்போ பிடிக்கணும்னு இயக்கணும். சூட்டை வெளியே கொண்டு போகணும். உராய்வையும் பாத்துக்கணும்.

கடைசி வேலைதான் ரொம்பக் கஷ்டம். பல்சக்கரத்துக்கு வழுக்கணும், கிளட்ச் தட்டுக்கு வழுக்கவும் கூடாது, வெடுக்குன்னு பிடிக்கவும் கூடாது. மெதுவாப் பிடிச்சு இறுகணும். ஒரே ஆயில் இந்த ரெண்டையும் எப்படிச் செய்யும்?

அந்தக் காலத்து வேதியியலாளர்கள் கடல்ல இருந்து பதில் எடுத்தாங்க. ஸ்பெர்ம் வேல்னு ஒரு பெருந்தலைத் திமிங்கிலம். 'அம்பர்கிரிஸ் கடத்தியவர் கைது'ன்னு நம்ம ஊர்ப் பேப்பர்ல அடிக்கடி செய்தி வருமே, அந்த அம்பர்கிரிஸ் இதோட குடல்லதான் உருவாகுது. இதோட தலையில இருந்தும் உடம்புக் கொழுப்புல இருந்தும் எடுக்கிற எண்ணெய், நம்ம சமையல் எண்ணெய் மாதிரி கிடையாது. வேதியியல்படி பார்த்தா அது பெரும்பாலும் திரவ மெழுகு. சூட்டையும் அழுத்தத்தையும் நல்லாத் தாங்கும். அதைக் கந்தகத்தோட சேர்த்துப் பக்குவப்படுத்தி ஆயில்ல கொஞ்சம் கலந்தா, கியர் வெண்ணெய் மாதிரி மாறும். ஜெனரல் மோட்டார்ஸ் 1949-ல கொண்டு வந்த 'டைப் ஏ' ஆயில் தரம், 1967-ல வந்த 'டெக்ஸ்ரான்' தரம், இந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் ஆயில்கள்ல இந்த எண்ணெய் ஒரு முக்கியமான சேர்மானம். டிரைவ்ல போட்டுட்டுப் பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போன யாருக்கும் இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை.

1970-ல அமெரிக்கா ஸ்பெர்ம் வேலை அழிவின் விளிம்புல இருக்கிற உயிரினங்கள் பட்டியல்ல சேர்த்தது. 1972-ல கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. திமிங்கில எண்ணெய் வரத்து நின்னு போச்சு.

நம்ம வேலையில இது பழக்கப்பட்ட கதை. எங்கேயோ அடியில ஒரு சின்ன லைப்ரரி இருக்கும். அதை எடுத்த அன்னைக்குத்தான் எத்தனை விஷயம் அதை நம்பி நின்னுச்சுன்னு தெரியும். திமிங்கில எண்ணெய் இல்லாம 'டெக்ஸ்ரான் 2' வந்தது. அதோட புதுப் பிரச்சினையும் வந்தது. புது ஆயில், ஆயில் கூலரோட பத்தவைப்பு உலோகத்தை அரிக்க ஆரம்பிச்சது. அரிப்பைத் தடுக்கிற பொருளைச் சேர்த்து ஃபார்முலாவைத் திரும்பத் திரும்ப மாத்த வேண்டியதாச்சு. மாற்று எண்ணெய் தேடினவங்க பாலைவனச் செடியான ஹொஹோபா பக்கமும் போனாங்க. அதோட விதை எண்ணெயும் திரவ மெழுகுதான். இன்னைக்கு உங்க ஷாம்பூ பாட்டில் லேபிள்ல இருக்கே, அதே ஜோஜோபாதான்.

இந்த வரலாறு எனக்குச் சொன்னது ஒண்ணுதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஆயிலும் ஒரு பார்ட். அதுவும் தேயும். சூட்டுல அதோட சேர்மானங்கள் சிதையும், கிளட்ச் தட்டோட பொடி அதுல கலக்கும். பல கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செஞ்சு கொடுக்கிற ஜெர்மனியோட இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லைன்னா எட்டு வருஷத்துல ஆயிலை மாத்தச் சொல்லுது. 'லைஃப்டைம்'னு எழுதினா பராமரிப்புச் செலவு பேப்பர்ல குறைவாத் தெரியும். ரெண்டாவது ஓனர் கையில என்ன ஆகும்னு அந்தப் பேப்பர்ல இருக்காது.

அதனால செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாங்குறவங்க ஆயிலோட நிறத்தையும் வாடையையும் பாருங்க. மாத்தினா மேனுவல்ல சொன்ன அதே தரத்தை ஊத்துங்க. இதுல 'கிட்டத்தட்ட அதேதான் சார்'ங்கிற பேச்சுக்கு இடமில்லை. ஒரு தடவை வடிச்சா முழுசா வெளியே வராது, டார்க் கன்வெர்ட்டருக்குள்ள நிறைய தங்கிடும். அளவையும் மேனுவல் சொல்ற வெப்பநிலையில வச்சுத்தான் பார்க்கணும்.

என் கார்? ஆயிலும் ஃபில்டரும் மாத்தியாச்சு. ஜெர்க் பாதி குறைஞ்சது. மீதிப் பாதி அப்படியேதான் இருக்கு. "தேஞ்ச தட்டு ஆயில் ஊத்தினா வளராது தம்பி"ன்னார் அண்ணன். 'லைஃப்டைம்'ங்கிற வார்த்தையை எனக்கு முன்னாடி யாரோ நம்பியிருக்காங்க. அதுக்கான பில்லை இப்போ நான் கட்டிக்கிட்டு இருக்கேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.