பதிவேட்டில் ஒரு பெயர்: நம் பெண்களும் செவிலியர் பதிவும்

அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டி ராயப்பன்பட்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன்பே ஏலத்தோட்டத்து ஜீப்புகள் கிளம்பிவிடும். மலை ஏறிப் போகும் நம் பெண்கள் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். போகாதவர்களுக்குத் திராட்சைப் பந்தலிலும் வயலிலும் வேலை. இந்த வீடுகளிலிருந்து இன்று நர்சிங் படிக்கப் பெண்கள் போகிறார்கள். மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டு பி.எஸ்சி. பட்டமோ முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்கிறார்கள். கையில் கிடைப்பது ஒரு தாள், அதில் ஒரு பெயர், ஒரு பதிவு எண். அந்தத் தாளின் வரலாற்றைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம். பிறரைத் தொட்டுப் பிழைக்க வைக்கும் வேலையை யார் செய்தார்கள், அதற்கான பெயரும் ஊதியமும் யாருக்குப் போயின என்பதே அந்த வரலாறு.

நம் கிராமங்களில் பேறு பார்த்தவர்கள் யார்? பல ஊர்களில் நாவிதர் குடும்பத்து மருத்துவச்சிகள், இன்னும் பல ஊர்களில் சேரிப் பெண்கள். பிள்ளைப்பேறு தீட்டு என்று வைத்தது சாதி. தீட்டான வேலையைச் செய்ய ஆள் வேண்டும் என்பதால் அதே பெண்களை வீட்டுக்குள் கூப்பிட்டதும் சாதிதான். கொப்பூழ்க் கொடியை அறுத்த கைக்குக் கூலியாக ஒரு படி நெல்லோ பழைய சேலையோ கிடைத்தது. குழந்தை பிறந்து தீட்டுக் கழிந்த பிறகு அந்தப் பெண் மறுபடியும் வாசலுக்கு வெளியேதான் நின்றாள். அவளிடம் கைத்திறன் இருந்தது. எந்த ஏட்டிலும் அவள் பெயர் இல்லை.

அரசு இந்த வேலையைப் படிப்பாக மாற்றத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். சென்னையில் 1854இல் மருத்துவச்சிகளுக்கும் 1871இல் அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியருக்கும் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். ஆனால் பள்ளியில் சேர எழுத்தறிவு வேண்டும். எழுத்தறிவு நம் தெருவுக்கு வந்துசேரவே இல்லை. மிஷன் பள்ளி எட்டிய சில இடங்களில் மட்டும் ஒரு கதவு திறந்தது.

இங்கே இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். 1924இல் சென்னை மாகாண அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பொதுத்தெருவில் நடக்கவும் பொதுக்கிணற்றைப் பயன்படுத்தவும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தடையில்லை என்பது அதன் சாரம். 1926இல் அதே மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவேடு ஒன்று திறக்கப்பட்டது. தெருவில் நடப்பதற்கே அரசாணை தேவைப்பட்ட ஒரு பெண், இரண்டே ஆண்டில் அந்தப் பதிவேட்டில் எப்படி ஏறியிருப்பாள்? சட்டம் சாதி கேட்கவில்லை, சான்றிதழ்தான் கேட்டது. ஆனால் சான்றிதழுக்குப் போகும் வழியெல்லாம் சாதி நின்றது. பரம்பரையாகப் பேறு பார்த்தவள் ‘பயிற்சி பெறாதவள்’ ஆனாள். மருத்துவமனை வளர்ந்தபோது நம் பெண்களுக்கு அங்கே எளிதாகக் கிடைத்தது ஆயா வேலையும் துப்புரவு வேலையும்தான்.

அப்படியென்றால் மற்ற சாதிப் பெண்கள் செவிலியர் பள்ளியை நிரப்பினார்களா? அதுவும் இல்லை. அந்நியர் உடலைத் தொடுவது, மலமும் இரத்தமும் துடைப்பது, இரவில் வேலை பார்ப்பது எல்லாம் இழிவு என்று அந்த வீடுகள் ஒதுங்கின. 1946இல் வெளியான போர் குழு அறிக்கையின் கணக்குப்படி, அன்றைய இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர். தீண்டாமை நம்மை மட்டும் தாக்கவில்லை. இந்த நாட்டு நோயாளிகள் எல்லோரையும் கவனிக்க ஆளில்லாமல் கிடத்தியது.

இந்த வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத பெயர் சாவித்திரிபாய் பூலே. 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, ஊருக்கு வெளியே மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சையகத்தில் அவர் நோயாளிகளைக் கவனித்தார். முண்ட்வா மகர் குடியிருப்பில் நோயில் கிடந்த சிறுவனைத் தாமே சுமந்து வந்தார். அந்த நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். எந்தப் பதிவேட்டிலும் அவர் செவிலியர் இல்லை. சாதி தொடாதே என்ற உடலைத் தொட்டுத் தூக்கிய கை அவருடையது.

அண்ணல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று நர்சிங் படிக்கும் நம் பெண்ணின் கல்விக் கட்டணத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் வந்த அரசாணை 92, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களோடு கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, சுயநிதிக் கல்லூரிகளின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். ஆணை நல்ல ஆணைதான். பணம் வந்துசேரும் நாள்தான் பிரச்சினை.

எங்களோடு அலைந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்துப் பெண், அம்மா ஏலத்தோட்டக் கூலி. பட்டயப் படிப்பு முடித்துத் தேர்வும் தேறிவிட்டாள். உதவித்தொகை வரவில்லை, மீதியைக் கட்டிவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள் என்றது கல்லூரி. எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம், இது ஒரு கல்லூரியின் கதை மட்டும் அல்ல. அசல் சான்றிதழ் இல்லாமல் கவுன்சிலில் பதிய முடியாது. பதியாமல் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஏறத்தாழ ஓராண்டு, ஒரு சிறிய மருத்துவமனையில் செவிலியர் வேலை முழுவதையும் பார்த்துவிட்டு, உதவியாள் சம்பளம் வாங்கினாள். “பாட்டி பேறு பாத்தா, அவளுக்கும் பேரு இல்ல. படிச்சும் எனக்கும் பேரு இல்லண்ணே” என்று அவள் சொன்ன அன்று எங்களுக்குப் பதில் வரவில்லை. நூறு ஆண்டு வரலாறு அந்த ஒரு பேச்சில் இருந்தது.

தோழர்களே, கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிணையாக வைத்துக்கொள்ளக் கல்லூரிகளுக்கு உரிமை இல்லை. கல்விச் சான்றிதழ் விற்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதை எழுத்தில் எடுத்துக்கொண்டு பெற்றோருடன் போங்கள். சேரும் முன்பே இன்னொன்றையும் கேளுங்கள்: இது கலந்தாய்வு இடமா, நிர்வாக ஒதுக்கீட்டு இடமா? தரகர் பேச்சை நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கைவிட்டுப் போகிறது.

ராயப்பன்பட்டி போன்ற கிறித்தவ ஊரில் பேசும்போது இன்னொரு கதவையும் சொல்லாமல் போக முடியாது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் இன்றும் வெளியே. கட்டணம் என்று வரும்போது மாநில அரசு நம் பெண்ணை ஆதிதிராவிடர் என்று ஒப்புக்கொள்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவளுக்கு 18 விழுக்காட்டில் இடமில்லை, பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் போய் நில் என்கிறது சட்டம். அவள் குடியிருக்கும் தெரு மாறவில்லை. அவளைப் பார்க்கும் கண்ணும் மாறவில்லை.

பதிவு எண் கிடைத்த பிறகும் போராட்டம் முடிவதில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் அமர்ந்தார்கள். கொரோனாவில் வார்டில் நின்ற ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரச் சொன்னது. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் பணியாற்றும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் கையில் அது வருகிறது என்று. சேவை, தியாகம், தேவதை என்று புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைப்பது பழைய சேலை கொடுத்து அனுப்பியதன் புது வடிவம்தான்.

எனவே எங்கள் வேண்டுகோள் எளிது. ஒவ்வொரு ஊரிலும் இறுதியாண்டு படிக்கும் நர்சிங் மாணவிகளின் பெயர்ப் பட்டியலை நம் அமைப்புகள் வைத்திருக்கட்டும். தேர்வு முடிந்த நாளிலிருந்து பதிவு எண் கைக்கு வரும் நாள் வரை அவர்களோடு நடப்போம். முதலில் பதிவு செய்த அக்காக்கள் அடுத்த தங்கைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கட்டும். கற்பி, ஒன்றுசேர், போராடு என்பதில் கற்றதோடு நின்றுவிட்டவர்களுக்குச் சான்றிதழ்கூடக் கைக்கு வருவதில்லை.

அந்தப் பெண் பிறகு பதிவு செய்துவிட்டாள். இப்போது பேறு பார்க்கும் வார்டில்தான் அவளுக்கு வேலை. பிறந்த குழந்தையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திடுகிறாள். அவள் பாட்டி கையில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று கணக்கில்லை. பேத்தி கையில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு இருக்கிறது, பக்கத்திலேயே அவள் பெயரும் இருக்கிறது.