யாருடைய அளவு இது?

போன தீபாவளிக்கு அக்காவோடு துணி எடுக்கப் போயிருந்தேன். ஐந்து குர்த்திகளை எடுத்துக்கொண்டு டிரையல் ரூமுக்குள் போனவள் அரை மணிநேரம் கழித்து வெளியே வந்தாள். ‘எம்’ தோளில் கச்சிதம், இடுப்பில் பிடிக்கிறது. ‘எல்’ இடுப்புக்குச் சரி, தோள் தொங்குகிறது. இன்னொரு கம்பெனியின் ‘எக்ஸ்எல்’லில் கையே நுழையவில்லை. கடைப் பெண் நல்ல மாதிரிதான். “மேடம், உங்க சைஸ்லாம் மேல் மாடில தனியா இருக்கு, அங்க பாக்கறீங்களா?” என்றாள்.

அக்கா ஐந்தையும் மடித்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “விடுடா. எனக்குத்தான் உடம்பு ஒரு ஷேப்பா இல்ல.” வழக்கம்போல ஒரு புடவையோடு வீடு திரும்பினோம்.

அந்த வாக்கியம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நான் எழுதிய புரோகிராம் ஒருவருடைய பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், அவர் ‘என் பெயர்தான் சரியில்லை’ என்று வருத்தப்பட மாட்டார். என் மேல் ஒரு பக் போடுவார். துணிக்கடையில் மட்டும் ஏன் இது தலைகீழாக நடக்கிறது? அந்த எம், எல், எக்ஸ்எல் எல்லாம் யாரை அளந்து வந்தவை? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கதை துணிக்கடையில் தொடங்கவில்லை, பட்டாளத்தில் தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன்னால் ஐரோப்பியத் தையல்காரரிடம் இன்று நாம் பார்க்கும் இஞ்ச் டேப் கிடையாது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நீளமான காகித நாடா. மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு, கை இவ்வளவு என்று அதில் சின்னச் சின்னதாக வெட்டுக்குறி போட்டு, ஆளின் பெயரை எழுதி வைத்துக்கொள்வார். அந்த நாடாவில் எண்ணே இல்லை என்பதுதான் விசேஷம். எண் இல்லாததால் ஒருவர் நாடாவை இன்னொருவர் நாடாவோடு ஒப்பிட்டு, ‘நீ அவரைவிட இரண்டு அளவு பெரிசு’ என்று சொல்ல முடியாது. அங்குலம் குறித்த டேப் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் ஒரு உடம்பு எண்களின் வரிசையாக மாறியது. எண்ணாகிவிட்டால் அதைக் கூட்டலாம், வகுக்கலாம், சராசரி எடுக்கலாம்.

எடுத்தவர் அடால்ஃப் கெட்டலே. பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளர். பல பேர் அளந்த ஒரு நட்சத்திரத்தின் இருப்பிடத்தைச் சராசரி எடுத்து உண்மையான இடத்தைக் கண்டுபிடிப்பது வானியலில் பழகிய வேலை. அதையே மனிதர்களுக்கும் செய்து பார்த்தார். 1817இல் எடின்பரோ மருத்துவ இதழ் ஒன்றில் வந்திருந்த 5,738 ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்பளவுகளை எடுத்துக்கொண்டார். அந்த அளவுகளைத் திரட்டிக் கொடுத்தவர் ஒரு டாக்டர் இல்லை, படைக்குச் சரக்கு கொடுக்கும் ஒப்பந்தக்காரர். சராசரி 40 அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. கெட்டலே ஒரு படி தாண்டிப் போனார். சராசரிதான் இயற்கை உத்தேசித்த மனிதன், மற்றவர்கள் எல்லாம் அதிலிருந்து விலகிய பிழைகள் என்பது போன்ற ஒரு பார்வை அவரிடம் இருந்தது. நட்சத்திர விஷயத்தில் இது சரி, அங்கே இருப்பது ஒரே நட்சத்திரம், பிழை அளப்பவருடையது. ஆனால் 5,738 மார்புகள் ஒரே மார்பின் 5,738 தப்பான அளவுகள் அல்ல. அவை 5,738 பேர்.

இன்று டாக்டர்கள் சொல்லும் பிஎம்ஐ-க்கு மூலமும் இதே கெட்டலேதான் என்பது உபரித் தகவல்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்தில் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு அவசரமாகச் சீருடை தேவைப்பட்டது. ஒவ்வொருவரையும் அளந்து தைக்க நேரமில்லை. அளந்த வரையில் பார்த்தபோது, இன்ன மார்பளவு என்றால் இன்ன தோள், இன்ன கை என்று சில சேர்க்கைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஆண்களின் ரெடிமேட் உடைக்கு அது அஸ்திவாரமானது. ஆண்கள் சட்டைக்கு இன்றும் 38, 40, 42 என்று ஓர் அங்குலக் கணக்கு இருக்கிறதே, அது இந்தப் பரம்பரைதான்.

பெண்களுக்குப் பட்டாளம் இல்லை. அவர்களுடைய உடைகள் வெகுகாலம் வீட்டிலோ தையல்காரரிடமோதான் தைக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெடிமேட் வந்தபோது கம்பெனிகள் குத்துமதிப்பாக எண் போட்டன. இளம்பெண்களுக்கான உடையில் 14 என்றால் 14 வயசுப் பெண்ணுக்கானது என்று அர்த்தம். பெரியவர்களுக்கு மார்பளவு ஒன்றை வைத்து மற்றதை ஊகித்தார்கள். கேட்லாக் பார்த்துத் தபாலில் வாங்கும் பழக்கம் பெருகியதும், வாங்கியது பொருந்தாமல் திரும்பி வருவதும் பெருகியது.

இங்கேதான் அரசாங்கம் உள்ளே வருகிறது. 1939இல் அமெரிக்க வேளாண் துறையின் வீட்டுப் பொருளியல் பிரிவில் ரூத் ஓ’பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் பெண்களை அளக்கும் பெரிய வேலை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட 15,000 பெண்கள். ஆளுக்கு 59 அளவுகள், எடையும் சேர்த்து. 1941இல் அறிக்கை வெளிவந்தது. அந்தக் காலத்துக்கு அது அபாரமான தரவு.

ஆனால் தரவோடு புழங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: யாரை எடுத்தீர்கள், யாரை விட்டீர்கள்? கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும். ஒரு குழுவில் மற்ற இனப் பெண்கள் இருந்தால், மனசு நோகக்கூடாது என்று அவர்களையும் அளந்துகொள்ளலாம், ஆனால் அந்தத் தாள்களைக் குறித்து வைத்து ஒதுக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பெண்கள் கையைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, 59 தடவை டேப்புக்கு நின்றிருப்பார்கள். தங்கள் தாள் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு விஷயமும் அந்த அறிக்கையில் இருக்கிறது. மார்பளவை மட்டும் வைத்து மற்ற அளவுகளைச் சொல்ல முடியாது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். உயரத்தையும் எடையையும் சேர்த்து எடுத்தால் ஓரளவு தேறும். ஆனால் கடையில் எடை மெஷின் இருக்காது, பெண்கள் எடையைச் சொல்லவும் விரும்ப மாட்டார்கள் என்ற நடைமுறைச் சிக்கலும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஒரே ஓர் எண் போதாது என்பது, எண்ணைத் தேடிப் போனவர்களே எழுதி வைத்த முடிவு.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆகக் கசப்பான பகுதி. ராபர்ட் டிக்கின்சன் என்ற மகப்பேறு மருத்துவரும் ஏப்ரம் பெல்ஸ்கி என்ற சிற்பியும் சேர்ந்து, இப்படித் திரட்டிய பெண்களின் அளவுகளைச் சராசரியாக்கி ஒரு சிலை செய்தார்கள். பெயர் நார்மா. 1945இல் கிளீவ்லாந்து நகரச் செய்தித்தாள் ஒன்று ஒரு போட்டி அறிவித்தது: நார்மாவுக்கு மிக அருகில் இருக்கும் பெண் யார்? ஒன்பது அளவுகள். 3,864 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒன்பதும் பொருந்திய பெண் ஒருத்திகூட இல்லை. ஐந்து அளவுகள் பொருந்தியவர்களே நாற்பதுக்கும் கீழே. பரிசு வாங்கிய பெண்ணும் நார்மா இல்லை.

இதிலிருந்து என்ன முடிவுக்கு வந்திருக்க வேண்டும்? சிலைதான் பொய் என்று. அன்று பலரும் வந்த முடிவு வேறு: அமெரிக்கப் பெண்கள் உடம்பைச் சரியாக வைத்துக்கொள்வதில்லை, உடற்பயிற்சி போதாது. “எனக்குத்தான் ஷேப் இல்ல” என்று அக்கா சொன்னதன் பழைய பதிப்பு.

ஐந்து வருஷம் கழித்து இதே கண்டுபிடிப்பு இன்னோர் இடத்தில் நடந்தது. 1950இல் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளை அளந்தது. காக்பிட்டுகள் 1926இல் எடுத்த சராசரி அளவுகளை வைத்துக் கட்டப்பட்டவை, விமானிகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள் என்ற சந்தேகம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் லெப்டினன்ட் 4,063 விமானிகளின் அளவுகளில் முக்கியமான பத்தை எடுத்துக்கொண்டார். ‘சராசரி’ என்பதையும் தாராளமாகவே வைத்தார், ஒவ்வொரு அளவிலும் நடுவில் இருக்கும் 30 சதவீதம் பேர் சராசரி. பத்திலும் சராசரியாக இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். பூஜ்யம்.

கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்கக்கூடாது. ஒரு அளவில் சராசரியாக இருக்க வாய்ப்பு 0.3. அளவுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று வைத்துக்கொண்டால் மூன்று அளவுகளுக்கு 0.3-ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும்: 2.7 சதவீதம். டேனியல்ஸ் மூன்றே மூன்று அளவுகளை எடுத்துப் பார்த்தபோது கிடைத்தது 3.5 சதவீதத்துக்கும் கீழே. அதாவது நம் உடம்பின் உறுப்புகள், நாம் நினைப்பதைவிட ஒன்றையொன்று கலந்தாலோசிக்காமல் வளர்கின்றன. தோள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். இது யாருடைய கோளாறும் இல்லை, எல்லோருடைய நிலைமையும் இதுதான்.

விமானப்படை என்ன செய்தது? விமானிகளை ஜிம்முக்கு அனுப்பவில்லை. முன்னும் பின்னும் நகரும் இருக்கை, இழுத்துக் கட்டும் வார், தள்ளி வைக்கும் பெடல் என்று காக்பிட்டை மாற்றச் சொன்னது. ஒரே உண்மை. விமானி விஷயத்தில் இருக்கை மாறியது. பெண்கள் விஷயத்தில் பெண்கள் மாற வேண்டியதாயிற்று.

துணிக்கு வருவோம். தபால் வியாபாரிகள் கேட்டுக்கொண்டதன் பேரில், ஓ’பிரையனின் தரவையே பெரும்பாலும் வைத்து 1958இல் அமெரிக்க அரசு பெண்கள் உடைக்கு ஒரு தரநிலை வெளியிட்டது. 8 முதல் 38 வரை எண்கள், உயரத்துக்கு மூன்று குறிகள், பருமனுக்கு மூன்று நிலைகள். நேர்மையான முயற்சிதான். ஆனால் கடைக்காரர் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். 8 முதல் 38 வரை இரட்டைப்படை எண்கள் 16. எல்லாச் சேர்க்கையும் வைப்பதென்றால் 16-ஐ ஒன்பதால் பெருக்க 144. ஒரே டிசைனில் நாலு கலர் என்றால் 576 உருப்படி. எந்தக் கடை முதல் போடும்? நடுவில் இருப்பதை மட்டும் தைத்தார்கள். 1970இல் அந்தத் தரநிலையை விரும்பினால் பின்பற்றலாம் என்று தளர்த்தினார்கள், 1983இல் வாபஸே வாங்கிவிட்டார்கள்.

அதன் பிறகு எண் வெறும் முகஸ்துதி ஆகிவிட்டது. 1937இல் ஒரு பெரிய கேட்லாக்கில் 32 அங்குல மார்பளவு 14 எண். 1967இல் அதே அளவு 8. இன்று அது பூஜ்யம். உடை மாறவில்லை, வாங்குபவர் மனசு குளிர எண்ணை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் வேறு வேறு வேகத்தில் இறக்கியதால், ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றின் எக்ஸ்எல்.

சரி, அக்காவின் தோள் ஏன் தொங்கியது? திருப்பூரில் பேட்டர்ன் வேலை பார்க்கும் ஒரு நண்பனைக் கேட்டேன். “வெளிநாட்டுக்காரன் ஸ்பெக் ஷீட் அனுப்புவான், அதுல ஒரு பேஸ் சைஸ் இருக்கும். அதுலேர்ந்து மத்த சைஸெல்லாம் கிரேடிங் பண்றது. சைஸுக்கு இவ்வளவுன்னு எல்லாப் பக்கமும் ஏத்திட்டே போவோம்” என்றான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு புள்ளியிலிருந்து நேர்கோடு இழுக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து இடுப்பு நாலு அங்குலம் கூடலாம், தோள் எலும்பு கூடவே வளராது. நேர்கோட்டுக்கு அது தெரியாது. பேஸ் சைஸிலிருந்து தள்ளிப் போகப் போக, துணிக்கும் உடம்புக்கும் இடையிலான தூரமும் கூடுகிறது. நம் கடைகளில் தொங்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் சட்டைகளோ, அந்தப் பேஸ் சைஸையே வேறு தேசத்துத் தோள்களிலிருந்து எடுத்தவை.

இந்தியாவுக்கென்று ஓர் அட்டவணை இருந்ததில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளைக் கொஞ்சம் இழுத்தும் சுருக்கியும் புழங்கிவந்தோம். 2018இல் ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமும் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தை அறிவித்தன. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளப்பது. கொல்கத்தா, மும்பை, டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் என்று ஆறு நகரங்கள். நல்ல காரியம், வெகு தாமதம். அட்டவணை வரட்டும். ஆனால் அதிலும் நடுவில் ஒரு நார்மா நிற்பாள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரெடிமேடைத் திட்டவும் எனக்கு மனசில்லை. எங்கள் அப்பா தலைமுறைக்கு வருஷத்துக்கு இரண்டு சட்டை. இன்று நூற்றைம்பது ரூபாய்க்கு டீ ஷர்ட் கிடைப்பது அந்த எம், எல் என்ற சுருக்கத்தால்தான். தையல்காரரும் தேவதூதர் இல்லை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்குக் கடை வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். நார்மா கதையில் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். “நாலாயிரம் பேர்ல ஒருத்திகூட இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப அந்தப் பொம்மைக்கு மட்டும்தான் துணி தைக்கிறாங்க” என்றாள்.

அந்த வாரம் தெருமுனை டெய்லரிடம் ஜாக்கெட் கொடுக்கப் போனாள், நானும் கூடப் போனேன். “அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கீங்களாம்மா?” என்று கேட்டார். அக்கா பையிலிருந்து பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதில் லேபிள் இல்லை, எண் இல்லை, கழுத்துப் பக்கம் லேசாகச் சாயம் போயிருந்தது. அவர் அதை உள்பக்கமாகத் திருப்பி, விரலால் தையலைத் தடவிப் பார்த்தார். “ரெண்டு தையல் பிரிச்சிருக்கு. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. புதுசுலயும் உள்ள மூணு தையல் விட்டுத் தர்றேன்” என்றார்.

“விடுங்கண்ணா” என்றாள் அக்கா.