சுரங்கத்தில் இறங்கிய எழுதுகோல்

வீட்டிற்குப் புதிதாக ஒரு தையல் இயந்திரமோ மாவரைக்கும் இயந்திரமோ வாங்கி வருகிறோம். பெட்டியைப் பிரித்தவுடன் முதலில் கையில் அகப்படுவது ஒரு சிறு கையேடு. அதை ஓரமாக வைத்துவிட்டுப் பொருளை ஆவலோடு தூக்குகிறோம். ஆறு மாதம் கழித்து அது பழுதுபடும்போதுதான் அந்தக் கையேட்டை அலமாரியெங்கும் தேடுகிறோம். கிடைத்தால் படிக்கிறோம், புரிந்தால் பிழைத்தோம். அதை எழுதியவர் யார் என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை. கதைக்கு ஆசிரியர் பெயருண்டு, கவிதைக்கும் உண்டு, மறையுரைத் தொகுப்பிற்கும் உண்டு. இந்த ஏட்டிற்கு மட்டும் இல்லை.

இப்படி எழுதுவதும் ஒரு தொழில்தான். தொழில்நுட்ப எழுத்து என்று அதற்குப் பெயர். பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களில் இத்தொழிலைச் செய்வோர் உண்டு. ஆங்கில இலக்கியம் படித்த பிள்ளைக்கு ஆசிரியப் பணியை விட்டால் வேறு வழியில்லை என்று கவலைப்படும் பெற்றோர் நம் பங்குகளில் இன்றும் இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறோம். அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டபடி, 2024 மே மாதத்தில் அந்நாட்டுத் தொழில்நுட்ப எழுத்தாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 91,670 டாலர். அதாவது, சரிபாதிப் பேர் அதற்கு மேலும் மறுபாதிப் பேர் அதற்குக் கீழும் பெற்றனர். நல்ல ஊதியம்தான். ஆனால் 2024 முதல் 2034 வரையிலான பத்தாண்டுகளில் அந்நாட்டில் இவ்வேலைகள் ஏறத்தாழ ஒரு விழுக்காடே பெருகும் என்றும் அதே துறை மதிப்பிட்டிருக்கிறது. பணம் உண்டு, இடம் குறைவு என்பதே அதன் பொருள்.

டாலர் என்ற சொல்லை எழுதும்போது நமக்கு வேறொரு நினைவு எழுகிறது. செக் நாட்டிற்கும் ஜெர்மனியின் சாக்சனிக்கும் இடையே 'தாது மலைகள்' எனப்படும் மலைத்தொடர் ஒன்று கிடக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வெள்ளி திரளாகக் கிடைத்தது; மக்கள் கூட்டங்கூட்டமாய்க் குடியேறினர்; ஊர்கள் முளைத்தன. அவ்வூர்களுக்கு அவர்கள் சூட்டிய பெயர்களைப் பாருங்கள்: புனித அன்னாவின் பெயரால் அன்னாபெர்க், அன்னை மரியாவின் பெயரால் மரியன்பெர்க், அன்னையின் தந்தையாகிய புனித சுவக்கீனின் பெயரால் யோவாக்கிம்ஸ்தால், அதாவது சுவக்கீன் பள்ளத்தாக்கு. இந்தப் பள்ளத்தாக்கில் அடித்த வெள்ளி நாணயம் 'யோவாக்கிம்ஸ்தாலர்' எனப்பட்டு, 'தாலர்' என்று சுருங்கி, கடல் தாண்டி 'டாலர்' ஆயிற்று. உலகச் சந்தையெல்லாம் ஆளும் நாணயத்தின் பெயருக்குள் நம் ஆண்டவருடைய பாட்டனாரின் ஊர் ஒளிந்திருப்பதை எத்தனை பேர் அறிவர்!

அந்த ஊருக்கு 1527இல் நகர மருத்துவராக வந்தவர் கியோர்கியுஸ் அக்ரிகோலா. 1494இல் சாக்சனியின் கிளவ்ஹவ் ஊரில் பிறந்தவர். இயற்பெயர் கியோர்க் பவர். பவர் என்றால் உழவர். அக்கால அறிஞர் வழக்கப்படி அதை இலத்தீனில் அக்ரிகோலா ஆக்கிக்கொண்டார். லைப்சிக் நகரில் பயின்று, கிரேக்கம் கற்பித்து, பின்னர் இத்தாலி சென்று மருத்துவம் படித்தவர். சுரங்க ஊரின் மருத்துவருக்கு நோயாளிகள் யார்? சுரங்கத் தொழிலாளரும் உலைக்களத்தாரும்தாம். அவர்களுடைய இருமலைக் கேட்டவர், அந்த இருமல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் புறப்பட்டார். மருந்து கொடுத்த நேரம் போக எஞ்சிய நேரத்தைச் சுரங்கங்களிலும் உருக்கு உலைகளின் அருகிலும் கழித்தார். தொழிலாளரிடம் கேட்டார், கேட்டதை எழுதினார். 1530இல் 'பெர்மான்னுஸ்' என்னும் சிறு நூல், உரையாடல் வடிவில், எராஸ்முசின் முன்மொழியோடு பாசல் நகரில் வெளியாயிற்று. அது தொடக்கம்தான். பின்னர் கெம்னிட்ஸ் நகரில் குடியேறி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து 1550இல் முடித்த பெருநூல், உலோகக் கலையைப் பற்றிய 'தே ரே மெத்தாலிக்கா' ஆகும்.

பன்னிரண்டு பகுதிகள். தாதுவின் நரம்பைக் கண்டறிவது, நிலத்தை அளப்பது, குழி தோண்டுவது, நீரை இறைப்பது, காற்றை உள்ளே செலுத்துவது, தாதுவைச் சோதிப்பது, உருக்குவது, பொன்னையும் வெள்ளியையும் பிரிப்பது, உப்பும் கண்ணாடியும் செய்வது வரை அனைத்தும் அதில் உண்டு. ஏறக்குறைய 290 மரச்செதுக்குப் படங்கள். படத்தில் ஒவ்வோர் உறுப்பின் மேலும் ஓர் எழுத்து. கீழே அந்த எழுத்துக்கு உரிய பெயர். நம் வீட்டுக் கையேட்டின் படத்தில் இன்று நாம் காண்பதும் இதே முறைதான். படம் வரைவோருக்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்தார் அக்ரிகோலா. சொல் மட்டும் இருந்தால் தம் காலத்தாரும் வருங்காலத்தாரும் பொருள் விளங்காமல் இடர்ப்படுவர் என்பதே அவர் முன்னுரையில் கூறும் காரணம். தாம் காணாததையும், நம்பத்தக்கவரிடம் கேட்டோ படித்தோ ஆராயாததையும் விட்டுவிட்டதாகவும் அங்கேயே சொல்லுகிறார். இதை எழுதிய நூற்றாண்டில் இரசவாதிகளின் ஏடுகள் இரும்பைப் பொன்னாக்கும் இரகசியங்களைப் புதிர்மொழியில் பேசிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால்தான் இச்சொல்லின் அருமை தெரியும். தாதுவைக் கண்டறிய மந்திரக்கோல் பிடித்துத் திரிவோரைப் பற்றியும் எழுதுகிறார். தொழிலறிந்தவனுக்கு அந்தக் கோல் வேண்டியதில்லை என்பது அவர் முடிவு. அதே நூலில் சுரங்கத்துப் பேய்களைப் பற்றியும் நம்பிக்கையோடு எழுதுகிறார் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. அவரும் தம் காலத்து மனிதரே.

ஆறாம் பகுதியில் நம்மை நிறுத்தி வைக்கும் இடம் ஒன்று உண்டு. சுரங்கத் தூசு நுரையீரலை அரிப்பதைச் சொல்லும்போது, கார்ப்பாத்திய மலைச் சுரங்கங்களில் ஏழு கணவரை அடுத்தடுத்து மணந்து, எழுவரையும் அந்த நோய்க்கே பறிகொடுத்த பெண்கள் உண்டு என்கிறார். சதுசேயர் ஆண்டவரிடம் கேட்ட ஏழு சகோதரரின் கதை நமக்கு நினைவு வரும். சதுசேயருக்கு அது வாதத்திற்கு எடுத்த உவமை. இங்கே அது ஒரு மருத்துவரின் குறிப்பு. அதற்குப் பின் அவர் புலம்புவதில்லை. தூசு உள்ளே போகாதபடி முகத்தில் தளர்ந்த துணித்திரை அணிய வேண்டும். நீர் நிறைந்த இடத்தில் உயர்ந்த தோற்காலணி வேண்டும். கெட்ட காற்றை இந்தப் பொறியால் வெளியேற்ற வேண்டும் என்று எழுதி, பொறியின் படத்தையும் போடுகிறார். இந்த எழுத்தில் அணி இல்லை, உணர்ச்சிச் சொல் இல்லை. ஒரு சொல் பிசகினால் ஒருவன் மூச்சு முட்டிச் சாவான். இவ்வகை எழுத்தின் பொறுப்பு அது.

அவர் பட்ட பெரும் இடர் மொழியில்தான். சுரங்கத்தான் பேசியது ஜெர்மன். அறிஞர் படித்தது இலத்தீன். சுரங்கத்தானின் கருவிகளுக்கும் செயல்களுக்கும் பழைய இலத்தீனில் சொல் இல்லை. ஆகவே நூற்றுக்கணக்கில் தாமே சொல் படைத்தார். கலைச்சொல்லுக்காகத் தவிக்கும் நம் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு இவர் உறவினர். விளைவு வேடிக்கையாயிற்று. 1557இல் பிலிப் பெக் என்னும் பாசல் பேராசிரியர் நூலை ஜெர்மனில் பெயர்த்தார். அவருக்குச் சுரங்கம் தெரியாது. ஜெர்மன் சுரங்கத்தானின் சொற்களே ஜெர்மனுக்குத் திரும்பி வரும் வழியில் தடுமாறின. ஆங்கிலத்தில் முழுமையாக வருவதற்கு 1912 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெயர்த்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும்: ஹெர்பர்ட் ஹூவர், லூ ஹென்றி ஹூவர். இருவரும் ஸ்டான்ஃபோர்டில் நிலவியல் படித்தவர்கள். மனைவிக்கு இலத்தீன் கை வந்தது. கணவர் சுரங்கப் பொறியாளர். இரண்டு அறிவும் ஒரே மேசையில் அமர்ந்தபோதுதான் அக்ரிகோலாவின் சொற்கள் பொருள் திறந்தன. அந்தக் கணவர் 1929இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார் என்பது தனிக் கதை. இத்தொழிலுக்கு வேண்டிய தகுதி என்ன என்று கேட்கும் இளைஞருக்கு அந்த மேசையையே நாம் காட்டுவோம். மொழி மட்டும் அறிந்தவர் பெக்கைப் போல் வழுக்குவார். பொருள் மட்டும் அறிந்தவரோ அதைப் பிறருக்கு விளக்கத் தெரியாமல் நிற்பார்.

அக்ரிகோலாவுக்கு இந்த எழுத்து சோறு போடவில்லை. மருத்துவ ஊதியம் இருந்தது. 'கடவுளின் கொடை' என்னும் பெயருள்ள சுரங்கம் ஒன்றில் பங்கும் இருந்தது. எழுதுவதற்கென்றே ஊதியம் தரும் வேலை நிலைபெற 20ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் வான்தளத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய வானூர்தி ஒன்று எழும்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. தரையில் நிற்கையில் காற்றில் அசையாதபடி பூட்டிய கட்டுப்பாட்டைத் திறக்க மறந்ததே காரணம். அதன்பின் வந்ததுதான் விமானி கையில் வைத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியல். போர் வந்தது, கருவிகள் பெருகின, கையேடுகளும் பெருகின. 1946இல் எனியாக் கணிப்பொறிக்கு விளக்கக் கையேடு எழுதியவர் அடேல் கோல்ட்ஸ்டைன் என்னும் கணித ஆசிரியை. 1949இல் பினாக் கணிப்பொறிக்கு எழுதியவர் ஜோசப் சாப்லின். இவர் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் இசைஞருமாவார். 1953 முதல் இத்தொழிலாளர் சங்கங்கள் அமெரிக்காவில் உருவாகி, பின்னர் தொழில்நுட்பத் தகவல் தொடர்புச் சங்கம் என ஒன்றாயின.

அந்தச் சங்கம் 2025 சனவரியில் கடனில் மூழ்கிக் கதவை மூடியது. கேட்டதற்கெல்லாம் நொடியில் பத்தி பத்தியாக எழுதித் தரும் கணிப்பொறிகள் வந்துவிட்ட காலம் இது. பிழையற்ற வாக்கியம் இன்று மலிந்து கிடக்கிறது. அந்த வாக்கியம் சொல்லும் திருகாணி அந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதற்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு நிறுவனங்கள் தொடர்ந்து ஊதியம் தருமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. செலவைக் குறைக்க நினைக்கும் முதலாளி முதலில் கை வைப்பது கையேட்டின் மேல்தான். இத்தொழிலுக்குச் செல்லும் பிள்ளைகளிடம் இதை மறைப்பது முறையன்று. எழுத்தோடு வேறொரு துறையையும், மருத்துவமோ மின்னியலோ, ஆழமாகக் கற்றுக்கொண்டு போங்கள் என்று மட்டும் சொல்லலாம்.

அக்ரிகோலாவிடம் திரும்புவோம். கெம்னிட்ஸ் நகரம் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றது. அவர் கத்தோலிக்கராகவே இருந்தார். ஆயினும் சீர்திருத்த மரபினரான கோமகன் மோரித்சு 1546இல் அவரை நகரத் தலைவராக்கினார். அவரும் உண்மையாய்ப் பணிபுரிந்தார். 1555 நவம்பர் 21 அன்று இறந்தார். தாம் தலைவராயிருந்த நகரம் அவருக்கு ஆறடி மண் தர மறுத்தது. இரு தரப்பிலும் இத்தகைய கசப்புகள் நிகழ்ந்த காலம் அது. ஒரு தரப்பை மட்டும் குறை கூறல் நமக்கு அழகன்று. சில நாள் இழுபறிக்குப் பின், அவர் நண்பரான ஆயர் யூலியுஸ் ஃபுளூக்கின் நகருக்கு, 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள ட்சைட்ஸுக்கு, உடலைக் கொண்டுசென்று பேராலயத்தில் அடக்கம் செய்தனர்.

அச்சகத்தார் மரக்கட்டைப் படங்களைச் செதுக்கி முடிக்கத் தாமதமாகியிருந்தது. 1556 மார்ச் மாதம், அவர் இறந்து நான்கு மாதம் கழித்து, பாசல் நகரில் ஃபுரோபென் அச்சகத்திலிருந்து நூல் வெளிவந்தது. அதன் முதல் ஏட்டில் ஆசிரியர் பெயர் இருந்தது.