துண்டு

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களும் றப்பர் பால் வெட்டியவர்களும் ஒரு காலத்தில் அஞ்சிய சொல் இது. வெட்டுதலைக் குறிக்கும் ‘துணி’ என்னும் வினையோடு சேர்த்து எண்ணத்தக்கது. துண்டம், துண்டித்தல் எல்லாம் அந்தக் குடும்பமே.

தோட்டத்தில் அது காகிதத் துண்டு. இந்த ஆட்களின் கடன் இத்தனை ரூபாய், அதைக் கட்டினால் விடுவிப்பேன் என்று தோட்ட நிர்வாகியான துரை எழுதிக் கொடுப்பது. ஆட்களைச் சேர்த்து மேற்பார்க்கும் கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். அங்குள்ள துரை பணத்தைக் கட்டுவார். ஆட்கள் இடம் மாறுவார்கள், கடனும் கூடவே வரும். கடல் கடந்து வந்த வழிச்செலவு, முன்பணம், அரிசி, கம்பளி என்று ஏறிய கடன் அது. மாத ஒப்பந்தக்காரர் ஒரு மாத முன்னறிவித்தலோடு விலகலாம் என்றது சட்டம். கடனோ விடவில்லை. பெயரில்தான் வெட்டு, உண்மையில் அந்தக் காகிதம் எதையும் வெட்டவில்லை. இதைவிடக் கொடிய பெயர்ப் பொருத்தமின்மையை நான் கண்டதில்லை.

விடுவிப்புக்குத் தரப்பட்ட சீட்டின் பெயரும் அப்படித்தான்: பற்றுச்சீட்டு. கணக்கில் பற்று என்றால் கடன் பக்கம். மனத்தில் பற்று என்றால் பிடிப்பு. இலங்கைக் கடைகளில் இன்றும் பணம் கட்டியதற்குத் தருவது பற்றுச்சீட்டுத்தான்.

1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதன்பின் ஒரு தொழிலாளி தோட்டம் மாற நினைத்தால், அவருடைய கடனுக்கு விலை எழுதிய காகிதம் எதுவும் தேவைப்படவில்லை.