நடுத்தூர ஓட்டம் (பெண்கள்): ஊக்கமருந்து வரலாறு

800 மீட்டர் என்பது அரங்கை இரண்டு முறை சுற்றுவது. 1500 மீட்டர் என்றால் மூன்றே முக்கால் சுற்று. தடகளத்தில் இவ்விரண்டையும் நடுத்தூர ஓட்டம் என்கிறார்கள். ஓடுபவருக்கு 100 மீட்டர்காரரின் தசையும் வேண்டும், நெடுந்தூரக்காரரின் மூச்சும் வேண்டும். ஏமாற்ற நினைப்பவருக்கும் இரண்டு வழிகள் உண்டு: தசைக்கு அனபாலிக் ஸ்டீராய்டு, ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்க இபிஓ. பெண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகவே குறைவு. வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டு அங்கே காட்டும் மாற்றம் ஆண்களிடம் காட்டுவதைவிடப் பெரிது.

இந்த ஓட்டங்கள் பெண்களுக்குக் கிடைத்ததே தாமதமாகத்தான். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய சிலர் களைத்துச் சாய்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. அடுத்த 32 ஆண்டுகள் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டரைத் தாண்டி ஓட்டமே இல்லை. 1960-ல் ரோமில் 800 மீட்டர் திரும்பி வந்தது. 1972-ல் மியூனிக்கில் 1500 மீட்டர் சேர்ந்தது. ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டு சோதனை தொடங்கியது 1976 மான்ட்ரியலில். அதாவது, இந்த ஓட்டங்களின் சாதனைப் பட்டியல் எழுதப்படத் தொடங்கிய காலமும் ஸ்டீராய்டு பரவிய காலமும் ஒன்றே.

1980-ல் சோவியத் யூனியனின் தத்யானா கசான்கினா 1500 மீட்டரை 3 நிமிடம் 52.47 விநாடியில் ஓடினார். 1984-ல் பாரிஸில் சோதனைக்கு உட்பட மறுத்ததால் அவருக்குத் தடை விழுந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராதோஹ்விலோவா 1983 ஜூலை 26 அன்று மியூனிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 53.28 விநாடியில் முடித்தார். அவர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. குற்றச்சாட்டுகளை எப்போதும் மறுத்தே வந்தார். சந்தேகம் மட்டும் அந்த எண்ணை விட்டு அகலவில்லை.

அடுத்த அதிர்ச்சி சீனாவிலிருந்து வந்தது. மா ஜுன்ரென் என்ற பயிற்சியாளரின் மாணவிகள் 1993 செப்டம்பரில் பெய்ஜிங் தேசிய விளையாட்டில் சாதனைகளைக் கண்டபடி நொறுக்கினார்கள். சூ யுன்ஷியா 1500 மீட்டரில் 3:50.46; வாங் ஜுன்ஷியா 3000 மீட்டரில் 8:06.11. ரகசியம் கேட்டவர்களுக்கு ஆமை ரத்தம், இமயமலைப் புழுப்பூஞ்சை என்று பதில் கிடைத்தது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்குக்கு முன் ரத்தச் சோதனை முடிவுகளைத் தொடர்ந்து மாவின் வீராங்கனைகள் ஆறு பேரைச் சீனாவே அணியிலிருந்து நீக்கியது. தங்களுக்கு ஊக்கமருந்து கட்டாயமாகத் தரப்பட்டதாக வாங் ஜுன்ஷியாவும் சக வீராங்கனைகளும் 1995-ல் எழுதியதாகக் கூறப்படும் கடிதம் 2016-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில் ரஷ்யப் பெண்கள் ஏழு பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் கொடுத்த சிறுநீரின் டிஎன்ஏ அவர்களுடையதாக இல்லை! அந்த ஏழு பேரில் ஒருவர் தத்யானா தோமஷோவா. 2003, 2005 ஆண்டுகளின் 1500 மீட்டர் உலகச் சாம்பியன். தடைக்காலம் முடித்து அவர் திரும்பி வந்து ஓடிய போட்டிதான் இந்த வரலாற்றின் மையம்.

2012 ஆகஸ்ட் 10, லண்டன். பெண்கள் 1500 மீட்டர் இறுதியில் 13 பேர். துருக்கியின் அஸ்லி சாக்கிர் அல்ப்தெகின் 4 நிமிடம் 10.23 விநாடியில் முதலாவது. அதே நாட்டின் 20 வயது கம்சே புலுட் இரண்டாவது. நேரத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது. 1972-ல் முதல் ஒலிம்பிக் 1500-ஐ வென்ற லுத்மிலா பிராகினாவின் நேரம் 4:01.38; நாற்பது ஆண்டு கழித்து வென்றவர் அவருக்குச் சுமார் ஒன்பது விநாடி பின்தங்கியிருப்பார். சாம்பியன்ஷிப் ஓட்டத்தில் வேகம் கூட்டிக் கொடுக்க ஆள் கிடையாது. எல்லோரும் ஒருவரையொருவர் நோட்டம் விட்டபடி நிதானமாக ஓடி, கடைசிச் சுற்றில் பாய்வார்கள். மருந்தின் பலன் அந்தப் பாய்ச்சலில் ஒளிந்துகொள்ளும், கடிகாரம் காட்டிக்கொடுக்காது. பத்தாவதாக வந்த பிரிட்டனின் லிசா டோப்ரிஸ்கி அன்றிரவே வானொலியில், போட்டி சமமாக இருந்ததாகத் தனக்குத் தோன்றவில்லை என்று சொன்னார். தோற்ற எரிச்சல் என்று சிலர் நினைத்தார்கள்.

காட்டிக்கொடுத்தது ரத்தம். 2009 இறுதியில் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை நடைமுறைப்படுத்திய உயிரியல் கடவுச்சீட்டு, மருந்தைத் தேடுவதில்லை. ஒருவரின் ஹீமோகுளோபின் அளவையும் புதிதாய்ப் பிறந்த சிவப்பணுக்களின் விகிதத்தையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வைக்கிறது. இபிஓ எடுத்து நிறுத்தினால் ஹீமோகுளோபின் உயர்ந்தே இருக்கும். உடலோ புதுச் சிவப்பணு உற்பத்தியைக் குறைத்துவிடும். இந்த முரண்தான் சாட்சி.

2004-ல் இளையோர் உலகப் போட்டியிலேயே ஒருமுறை சிக்கியிருந்த அல்ப்தெகினுக்கு 2015-ல் எட்டு ஆண்டுத் தடை, தங்கம் போயிற்று. பின்னர் மூன்றாவது முறையும் சிக்கி வாழ்நாள் தடை பெற்றார். புலுட்டின் வெள்ளி 2017-ல் பறிபோனது. பெலாரசின் நத்தாலியா கரேயவா, ரஷ்யாவின் யெகத்தரீனா கொஸ்தெத்ஸ்கயா ஆகியோரின் முடிவுகளும் ரத்தாயின. நான்காவதாக வந்த தோமஷோவா கையில் வெள்ளி விழவிருந்தது. 2024 செப்டம்பரில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அவருக்குப் பத்து ஆண்டுத் தடை விதித்ததில் அதுவும் போனது. ஆக 13 பேரில் ஐவரின் முடிவு செல்லாது. இன்றைய பட்டியலில் பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமாலுக்குத் தங்கம். எத்தியோப்பியாவுக்காக ஓடிய அபெபா அரெகாவிக்கு வெள்ளி. ஆறாவதாக வந்த அமெரிக்காவின் ஷானன் ரோபரிக்கு வெண்கலம். ரியோவில் ஜென்னி சிம்ப்சன் 2016-ல் பெற்ற வெண்கலமே இந்த ஓட்டத்தில் அமெரிக்கப் பெண்களின் முதல் ஒலிம்பிக் பதக்கம் என்று எழுதி வைத்த புத்தகங்களெல்லாம் இப்போது பிழை.

அதே லண்டனில் 800 மீட்டரும் தப்பவில்லை. 2014 டிசம்பரில் ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படத்தில், ரஷ்ய ஓட்ட வீராங்கனை யூலியா ஸ்தெபனோவா ரகசியமாகப் பதிவு செய்த காட்சிகள் இருந்தன. அவற்றில் ஊக்கமருந்து பற்றிப் பேசியவர்களில் ஒருவர் லண்டன் தங்கம் வென்ற மரியா சவீனவா. 2017-ல் தங்கம் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு மாறியது. செமன்யாவைச் சுற்றிய சர்ச்சை ஊக்கமருந்து பற்றியதல்ல, அவர் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன் பற்றியது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளியை இழந்த புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனும் மருந்துக் குற்றவாளி அல்லர். ஊக்கமருந்தையும் இயல்பான ஹார்மோனையும் ஒரே மூட்டையில் கட்டுவது இன்னும் நடக்கிறது.

சவீனவாவால் அதிகம் இழந்தவர் அமெரிக்காவின் அலிசியா மொன்டானோ. 2011, 2013 உலகப் போட்டிகளில் நான்காவதாக வந்த அவருக்கு அந்த இரு வெண்கலங்களும் 2019-ல் தோஹாவில்தான் கையில் கிடைத்தன.

அதே தோஹா, அதே 2019. ஏப்ரலில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் திருச்சி அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் வென்றார். தமிழ்நாடே கொண்டாடியது. அவரது மாதிரிகளில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததாக முடிவு வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். 2020-ல் நான்கு ஆண்டுத் தடை உறுதியானது. தங்கம் சீனாவின் வாங் சுன்யுவுக்குச் சென்றது.

பழைய மாதிரிகளைப் பத்து ஆண்டு வரை உறைநிலையில் வைத்திருந்து மறுபடி சோதிக்க விதி இருக்கிறது. 1980-களின் குப்பிகள் எங்கும் இல்லை. மாதிரிகள் சேமிக்கப்படத் தொடங்கிய 2005-க்கு முந்தைய சாதனைகளைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று ஐரோப்பியத் தடகள அமைப்பு 2017-ல் முன்மொழிந்தது. நேர்மையாக ஓடியவர்களின் பெயரும் அதில் கெடும் என்று பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பாலா ராட்கிளிஃப் போன்றோர் எதிர்த்தனர். அந்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை. நாற்பது ஆண்டுகள் கடந்த பிறகும் 800 மீட்டர் சாதனைக்கு நேராக 1:53.28 என்றே அச்சிட்டார்கள்.