கலத்தைக் கரையும் விளக்கு

புதுச்சேரியில் சாரம் பகுதியிலிருந்து கிழக்கே கடற்கரைச் சாலைக்குப் போனால், காந்தி சிலைக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1836 ஜூலை முதல் தேதி அதில் விளக்கேற்றினார்கள். பேச்சில் அது 'பழைய லைட் ஹவுஸ்'. எழுத்தில்தான் கலங்கரை விளக்கம் வருகிறது. அதிலுள்ள 'கரை'யைப் பலர் கடற்கரை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படிக் கொண்டால் சொல்லின் உயிரே போய்விடும். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே வினைதான். கலத்தை அழைக்கிற விளக்கு என்பதே பொருள். இதற்குப் பெரும்பாணாற்றுப்படை தெளிவான சான்று. இளந்திரையனின் நாட்டுத் துறைமுகத்தைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், கூரை வேயாத ஓர் உயர்ந்த மாடத்தைக் காட்டுகிறார். ஏணி சாத்தியும் ஏறுவதற்கு அரிய உச்சி; அங்கே இரவில் ஏற்றிய தீ. அதற்கு அவர் இட்ட பெயர் 'ஞெகிழி'. கடலில் ஓடும் கலத்தைச் சொன்ன கையோடு 'கரையும்' என்ற வினையை வைக்கிறார். அதற்குமேல் ஐயத்துக்கு இடமில்லை.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் அந்தச் சொல் முழுப் பெயராகவே நிற்கிறது. புகார்க் கடற்கரையின் இரவு விளக்குகளை இளங்கோ வரிசையாகச் சொல்லிப் போகிறார்: பூவும் சாந்தும் விற்போர் விளக்கு, மோதகம் விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு. கலங்கரை விளக்கமும் அவற்றுள் ஒன்று; அடுத்ததே பரதவர் திமிலின் விளக்கு. அந்த வரிகளில் 'விளக்கம்' என்றால் விளக்குதான். இன்று அது பொருள் சொல்வதற்குப் பெயராகிவிட்டதால், 'கலங்கரை விளக்கு' என்றும் எழுதுகிறோம். ஈழத்தில் வழங்கும் 'வெளிச்சவீடு' எனக்கு மிகவும் பிடித்த சொல். பிரெஞ்சு 'ஃபார்' அலெக்சாந்திரியாவின் ஃபாரோஸ் தீவிலிருந்து வந்தது. அங்கே இடத்தின் பெயர் விளக்குக்கு ஆயிற்று.

புதுச்சேரிக்கு இந்த அழைப்பு மிகவும் தேவைப்பட்டது. பெரிய கப்பல் அணையும் துறை அன்று இங்கே இல்லை. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட, சரக்கையும் ஆளையும் சலங்கு என்னும் படகுகள் அலை கடத்திக் கொண்டுவந்தன. கடலோரமோ தட்டையான மணல். மாலுமி கண்ணுக்கு ஊர் எது, வெற்றுக்கரை எது என்று இரவில் பிடிபடாது.

1979இல் ஊரின் தென்புறம் சுமார் 48 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கம் எழுந்தது. பழையது ஓய்வு பெற்றது. கடல்மட்டம் வளைந்து இறங்குவதால் உயரம்தான் இங்கே முதல் கணக்கு: 48 மீட்டர் உச்சியிலிருந்து அடிவானம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அடுத்தது ஒளியைச் சிதறவிடாமல் திரட்டுவது. பிரெஞ்சுக்காரரான ஃபிரெனெல் கண்ணாடிப் பட்டகங்களை வளையம் வளையமாக அடுக்கி அதைச் சாதித்தார். 1823இல் பிரான்சின் கோர்துவான் விளக்கத்தில் அந்த வில்லை ஏறியது. மூன்றாவது, மின்னும் முறை. பக்கத்து விளக்கத்தோடு குழம்பாதபடி ஒவ்வொன்றுக்கும் தனி இடைவெளி உண்டு. மாலுமி நொடிகளை எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டு, தன்னை அழைப்பது எந்த ஊர் என்று தெரிந்துகொள்வார்.