ஆயாக் கொட்டகையிலிருந்து பாலர் வகுப்புக்கு



லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில், விடியுமுன் பிரட்டுக்கு மணி அடித்ததும், தாய்மார்கள் தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு நடந்த காலம் ஒன்று உண்டு. துணித் தொட்டில்கள், பால் புட்டிகள், வயதான ஓர் ஆயா. அங்கே இருந்தவை இவ்வளவே. பால்வெட்டு முடிந்து தாய் திரும்பும்வரை பிள்ளை பத்திரமாக இருந்தால் போதும் என்பதே தோட்டத்தின் கணக்கு. எழுத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

சட்டமும் அவ்வாறே அமைந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஏழு வயதுக்கு முன் குழந்தையின் மொழியை வளர்ப்பது யார் பொறுப்பு என்று அது கேட்கவில்லை.

ஆனால் மொழி வளராமல் இல்லை. லயத்து வாசலில் பாட்டி சொன்ன கதை, விடுகதை, கோயில் திருவிழாப் பாட்டு, மங்கையும் வாளியையும் எண்ணிய விளையாட்டு ஆகிய யாவும் பிள்ளையின் நாவைப் பழக்கின. எங்களில் சிலர் அப்படி வளர்ந்தவர்களே. பேச்சு முதலில், எழுத்து அதன் பிறகு.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளியில் பிள்ளை எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதும். சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண் பிள்ளைகளுக்கான காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த மணல் எழுத்தைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் அவர் வெளியிட்ட நூல் வழியாக இம்முறை இங்கிலாந்து வரை சென்றது. பின்னர் 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லச் செய்வது அவர் முறை. திண்ணை மணலும் அம்மையாரின் உப்புத்தாளும் சொல்வது ஒன்றே: கையும் வாயும் சேர்ந்து கற்க வேண்டும்.

நம் நாட்டில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், நான்கு முதல் ஆறு வயது வரையிலான பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. 2003இல் தேசியப் பாலர் பள்ளிப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே காலத்தில்தான் பல தோட்டங்களில் லயங்கள் காலியாயின. குடும்பங்கள் பட்டணம் சென்றன. கொட்டகையும் பாட்டியின் வாசலும் மறைந்தன. முன்பு லயமே செய்த வேலையை இன்று பாலர் வகுப்பு செய்தாக வேண்டும்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். தொடக்கத்தில், பெற்றோர் மகிழட்டும் என்று ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பக்கம் பக்கமாக எழுத வைத்தோம். ஒரு சிறுமி ‘அ’ முதல் ‘ஔ’ வரை பிழையின்றி ஒப்பித்தாள். “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டோம். பதில் இல்லை. அன்றே நோட்டுப் புத்தகத்தை மூடினோம். தினமும் கால் மணி நேரம் கதை, பிறகு அவளுடைய பேச்சு என்று மாற்றினோம். வீட்டில் “மழ வந்துச்சு” என்று சொல்லும் பிள்ளையைத் திருத்தி வாயடைக்கவில்லை. “ஆமாம், மழை வந்தது” என்று நாங்கள் திருப்பிச் சொன்னோம். சில மாதங்களில் அவளே நூல் வழக்கில் கதை சொன்னாள்.

பெற்றோர்களே, பிள்ளை முதல் வகுப்பில் எத்தனை எழுத்து அறியும் என்று கேட்கிறீர்கள். அதற்குமுன், இன்று அதனுடன் எத்தனை நிமிடம் தமிழில் பேசினோம் என்று நம்மையே கேட்போம். பிரட்டுக்குப் போன தாய்க்கு நேரம் இல்லை. நமக்கு இரவில் ஒரு கதைக்காவது நேரம் உண்டு.